கட்டை யாரிடம்

ஏணியைப் பிடி என்றான், பிடித்துக்கொண்டிருக்கிறேன். இரும்பு ஏணி. எங்களுடையது மூங்கில். அதை பைக்கில் கட்டிக்கொண்டு பூ வைத்த வீட்டுக்குப் போனால் ஊரே சிரிக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள், அதனால் இவர்கள் வீட்டு ஏணி. வெயிலில் கிடந்து கிடந்து உள்ளங்கையைச் சுடுகிறது. மேலே என் அண்ணன் வேல்துரை நிற்கிறான், அவன் குதிங்கால் வெடிப்பு என் கண்ணுக்கு நேரே இருக்கிறது. வழக்கமாக இந்த இடத்தில் இருப்பது என் குதிங்கால், அவன் கண்ணுக்கு நேரே. ஏறுவது நான், பிடிப்பது அவன். நான் எடை இல்லை, சிமெண்ட் சீட்டு என்னைத் தாங்கும், அவனைத் தாங்காது, அதனால் என்றைக்கும் நான்தான் மேலே. இன்றைக்கு மட்டும் துரை ஏறுகிறார். ஏன் என்று எனக்குத் தெரியாதா. வாசல் ஓரத்தில் செல்வகோமதி நிற்கிறாள், தை மாதம் இவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண், அவள் பார்க்க இவன் ஏற வேண்டும். பூ வைத்த வீட்டுக்கு ஸ்வீட் பெட்டியோடு வருவார்கள், இவன் ஸ்பேனரோடு வந்திருக்கிறான். கேட்டால் மாமாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, ஆடு களவு போகிறதாம். கிடா ஒன்று போய்விட்டதாம், அடுத்து சினையாடு போய்விடுமாம், வீட்டுக்கு முன்னால் ரெண்டும் பின்னால் ஆட்டுக் கொட்டிலில் ரெண்டும் போகஸ் லைட் போட்டால் திருடன் பயந்து ஓடிவிடுவானாம். சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்தில் போகஸ் லைட் மாட்ட வேறு ஆளே கிடையாதாம். ஏட்டி, நீயும் கூடப் போ, தனியா போனா நல்லா இருக்காது என்று அம்மா என்னையும் அனுப்பினாள், என் பழைய முழுக்கைச் சட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இந்தச் சுடிதாரை மாட்டிவிட்டாள், தலையில் எண்ணெய் வைத்துப் பின்னி பிச்சிப்பூ வேறு. நான் தலையில் டெஸ்டர் செருகுகிற ஆள். கொண்டை போட்டு அதில் குறுக்கே டெஸ்டரைக் குத்திக்கொண்டால் வேலை முடிகிற வரைக்கும் அது அங்கேதான் இருக்கும், தேட வேண்டாம். இப்போது அங்கே பூ இருக்கிறது, டெஸ்டர் எங்கோ சாமான் பைக்குள் கிடக்கிறது, வியர்வையில் பூ நாறுகிறது. ஸ்குரூ ஒன்று என் தோளில் விழுந்து தரையில் உருளுகிறது. "ஏட்டி முப்பி, அதை எடு" என்கிறான். முப்பிடாதி என்கிற பேரை அவன் ஒருத்தன்தான் முப்பி என்பான். நான் குனிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். எடுத்து, தாவணியில் துடைப்பதைப் போல சுடிதாரில் துடைத்து, கையை உயர்த்தி நீட்டுகிறாள். ஸ்குரூவை யாராவது துடைப்பார்களா.

ஸ்குரூ போகட்டும். கட்டையைக் கொடுத்தான் பார், அதுதான். வேலை தொடங்கும் முன்னால் துளை எல்லாம் டிரில் போட்டு முடித்துவிட்டு, மெயின் போர்டில் இருக்கிற பீஸ் கட்டையைப் பிடுங்குவோம், வெள்ளைப் பீங்கான் கட்டை, அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்குள் ஒரு சொட்டுக் கரண்ட் வராது. பிடுங்கியதைப் போர்டு மேலேயே வைக்கக் கூடாது. வைத்தால் யாராவது சீரியல் பார்க்க வந்து, அய்யோ கரண்ட் இல்லையே என்று திரும்பவும் சொருகிவிடுவார்கள். பரமசிவண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. கல்யாண மண்டபத்தில் அவர் மேலே இருக்கும்போது மைக் செட்காரப் பையன் கட்டையைச் சொருகிவிட்டான், அவர் விழுந்தார், உயிர் இருக்கிறது, ஆனால் வலது கை விரல்கள் எல்லாம் உள்பக்கமாகச் சுருண்டுவிட்டன, டீ கிளாஸை ரெண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பிடித்துத்தான் குடிக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அண்ணன் போட்ட சட்டம் இது. கட்டை கீழே நிற்கிற ஆளின் சட்டைப் பையில் இருக்கணும். மேலே இருக்கிற ஆள் கம்பியைத் தொடும் முன்னால் "கட்டை?" என்று கேட்கணும். கீழே இருக்கிற ஆள் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "எங்கிட்ட" என்று சொல்லணும். சும்மா சொல்லக் கூடாது, தொட்டுப் பார்த்துச் சொல்லணும். அதற்கப்புறம்தான் கை போகும். இன்னொன்றும் உண்டு, கீழே இருக்கிற ஆள் "கை" என்று கத்தினால் மேலே இருக்கிற ஆள் ஏன் எதற்கென்று கேட்காமல் கையை எடுத்துவிடணும், சண்டை எல்லாம் அப்புறம். நானும் அவனும் எத்தனை வீட்டில் இப்படிக் கேட்டுச் சொல்லியிருப்போம். கேட்கிறவர்களுக்கு ஏதோ பைத்தியங்கள் மாதிரி இருக்கும். எனக்கு அது எப்படி இருக்கும் என்றால், அவன் உயிர் என் பையில் இருக்கிறது, என் உயிர் அவன் பையில் இருக்கிறது, அப்படி இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னது கிடையாது, சொன்னால் சிரிப்பார்கள். இன்றைக்குக் கட்டையைப் பிடுங்கினான், நான் கையை நீட்டினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்குத்தான் பையே இல்லையட்டி, கைல வச்சுக்கிட்டு ஏணிய எப்பிடிப் பிடிப்ப" என்றான். நியாயம்தான். நியாயமாக இருக்கிறதே என்றுதான் ஆத்திரம். அப்போது இவள் மோர் செம்போடு வந்தவள், "இங்க தாங்க, எனக்குப் பை இருக்கு" என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், எல்லாச் சுடிதாரிலும் தானே பை வைத்துத் தைத்துக்கொள்வாளாம். அண்ணன் அவளிடம் விளக்கினான், நான் கட்டைன்னு கேட்டா எங்கிட்டன்னு சொல்லணும், தொட்டுப் பாத்துட்டுச் சொல்லணும். அந்தச் சட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். என் முன்னாலேயே.

இப்போது மேலேயிருந்து கேட்கிறான், "கட்டை?" என் வாய் திறந்துவிட்டது, பழக்கம். அதற்குள் அவள் பையைத் தொட்டு "எங்கிட்ட" என்கிறாள். தேன் ஒழுகுகிற மாதிரி ஒரு எங்கிட்ட. அவன் சிரிக்கிறான், எனக்குத் தெரியும், முகம் தெரியாவிட்டாலும் குதிங்காலை வைத்தே சொல்லுவேன் சிரிக்கிறான் என்று. என்னிடம் கேட்கும்போது ஒரு நாளும் சிரித்தது கிடையாது. இந்தச் சிரிப்பு போனில் வந்த சிரிப்பு. பூ வைத்த அன்றையிலிருந்து போன் அடித்தால் மொட்டை மாடிக்குப் போவான், கரண்டு ஆபீஸ் காரியமாகப் பேசுகிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அவள் நம்பரை அவன் 'ஈ.பி. ஆபீஸ்' என்று பதிந்து வைத்திருந்தான். ஈ.பி. ஆபீஸ்காரன் இவ்வளவு அக்கறையாக இருந்து நான் பார்த்ததில்லை, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற ஈ.பி. ஆபீஸ். முன்னாலெல்லாம் வேலை முடிந்து வரும்போது பைக்கில் அன்றைக்கு நடந்ததை எல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வருவான், அந்த வீட்டுக்காரர் மூக்கு, அந்த வீட்டு நாய், எல்லாம். நானும் கூடவேதான் இருந்திருப்பேன், ஆனாலும் சொல்வான், நானும் கேட்பேன். இப்போது பேசாமல் வருகிறான். சேர்த்து வைக்கிறான், ராத்திரி அவளிடம் சொல்ல. என் கண் முன்னால் நடந்ததை அவளுக்குச் சொல்ல. சரி, அதையும் விடு. பூ வைத்த அன்றைக்கு இவள் அம்மா கேட்டாள், "ஒங்க தங்கச்சியா ஏணில ஏறும்? பொம்பளப்பிள்ளயா?" அவன் தட்டில் இருந்த ஜிலேபியைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "அது இன்னும் கொஞ்ச நாளுதான் அத்தை." நான் பக்கத்து அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நாளுதான். என்னிடம் அவன் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அந்தச் சொல் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது, விழுங்கினால் குத்துகிறது, துப்பினால் வரவில்லை. பிளஸ் ஒன் பாதியில் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பிடிக்கவில்லை, உட்கார்ந்தே இருக்க முடியவில்லை. அம்மா அடித்தாள். அண்ணன்தான், அடிக்காத, எங்கூட வரட்டும் என்றான். அன்றையிலிருந்து எனக்கு இருக்கிறது இந்த ஏணி ஒன்றுதான். இதையும் பிடுங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன், இவளுக்கு நாத்தனாராக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேனா. அண்ணன் பொண்டாட்டி ஆகப் போகிறவளாம், இவளை 'மைனி' என்று கூப்பிடச் சொல்கிறார்கள். கூப்பிட மாட்டேன். இதுவரைக்கும் கூப்பிடவில்லை, 'இந்தா', 'பாருங்க', அவ்வளவுதான்.

வாசல் லைட் ரெண்டும் மாட்டியாயிற்று. இறங்கி மோர் குடிக்கிறான். இவள் அப்பா, மாடசாமி மாமா, தலையை அண்ணாந்து பார்த்து, "வாசல்ல இனி ஊசி விழுந்தாலும் எடுத்துரலாம் மாப்ள" என்கிறார். "திருடனும் எடுத்துருவான் மாமா" என்று நான் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை, இவள் மட்டும் சிரித்தாள். அவள் ஏன் சிரிக்கணும். ஏணியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போகிறோம், அண்ணன் ஒரு முனை, நான் ஒரு முனை, இது மட்டும் இன்னும் மாறவில்லை. ஆட்டுப் புழுக்கை வாடை, ஆட்டுக்குப் போட்டுக் காய்ந்த கொழை வாடை, குட்டிகள் காலுக்குள் வந்து முட்டுகின்றன. வீட்டிலிருந்து கொட்டில் வரைக்கும் புதுக் கேபிள் மதியமே இழுத்துவிட்டோம், அதுவும் அந்தக் கட்டைக்குள்ளேதான் வருகிறது, இனி முகப்பில் லைட்டை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. மதியம் கேபிள் இழுக்கும்போது நான் ஒன்று பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கப் போனேன், அங்கே சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வெளியே வந்து, முள்வேலியில் கயிறு போட்டுக் கட்டி, வேலியோடு வேலியாகப் போய், கிணற்றடி மோட்டார் ரூமுக்குள் நுழைகிறது. கொட்டில் முகப்பில் ஒரு பழைய குண்டு பல்பு தொங்குகிறது இல்லையா, அதற்கு வருகிற ஒயர். வீட்டுக் கரண்ட் இல்லை. மோட்டார் கரண்ட். விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம், ஆனால் அதில் மோட்டார் மட்டும்தான் ஓடணும், பல்பு எரியக் கூடாது, பார்த்தால் பிடுங்கிப் போட்டு அபராதம் போடுவார்கள். ஆஹா என்று இருந்தது. ஆடு களவு போகிறது, ஆடு களவு போகிறது என்று ஊரைக் கூட்டினாரே, இவர் கரண்டைக் களவாண்டு கொட்டிலுக்கு விளக்குப் போட்டிருக்கிறார். அதை நான் வாயில் போட்டு மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டே இருக்கிறேன், மதியத்திலிருந்து. சாப்பாடு போட்டார்கள், ஆட்டுக்கறி, இவள்தான் பரிமாறினாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றாள், போடுங்க என்றேன், மனசுக்குள் திருட்டுக் கரண்ட் வீட்டுக்காரி என்றேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்லணும் என்று யோசித்து வைத்தேன். நேராகச் சொல்லக் கூடாது. சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, ஏம்மா, மோட்டார் கரண்ட்ல பல்பு எரியலாமா என்று சும்மா கேட்கிற மாதிரி. அம்மா மற்றதைப் பார்த்துக்கொள்வாள். நல்ல குடும்பம்னு நினைச்சேனே என்பாள். அண்ணன் முகம் அப்போது எப்படிப் போகும். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது, அப்புறம் அவ்வளவு நன்றாக இல்லை, அப்புறம் திரும்பவும் இவள் ஸ்குரூவைத் துடைத்ததை நினைத்தேன், நன்றாக இருந்தது.

கொட்டிலில் அவன் ஏறுகிறான். முகப்பு உயரம், ஏணியின் கடைசிப் படிக்கு முந்தின படியில் நிற்கிறான். நான் ரெண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். அவள் எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள், பை ஒரு பக்கம் தொங்குகிறது. மாமா ஆட்டைப் பிடித்து ஓரமாகக் கட்டுகிறார். "மாமா, இந்தப் பழைய ஹோல்டர் தொங்குறது பாக்க நல்லா இல்ல" என்கிறான் மேலேயிருந்து, "இதைக் கழட்டி எறிஞ்சிட்டு அதே வளைவுல போகஸ மாட்டிருதேன், நீட்டா இருக்கும்." நீட்டா இருக்குமாம். எங்கள் வேலையில் எங்கேயாவது நீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறானா. மாமா ஆட்டை இழுத்துக்கொண்டே, "ஒம்ம இஷ்டம் மாப்ள" என்கிறார். "கட்டை?" என்கிறான். "எங்கிட்ட" என்கிறாள், தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறாள், சட்டப்படி சொல்கிறாள். அவள் குரல் என் காதுக்குப் பக்கத்திலேயே வருகிறது, எனக்கு எரிகிறது, அது என் சொல், உனக்கு ஆயிரம் சொல் இருக்கே, சாப்பிட்டாச்சா இருக்கே, இந்த ஒண்ணை எனக்கு விடேன். அந்த எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று இடறுகிறது. என்ன அது. ஹோல்டர். பழைய ஹோல்டர். அந்தப் பல்புக்கு சுவிட்சே கிடையாது, பகலில் பல்பை அரைத் திருகு திருகி வைத்துவிட்டால் அணைந்துவிடும், ராத்திரி திருப்பிவிட்டால் எரியும், மதியமே பார்த்தேன். எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று ஆகாது. அவள் பையில் இருக்கிறது வீட்டுக் கட்டை. இந்த ஒயர் வீட்டிலிருந்து வரவில்லை. அவன் கை போகிறது. எனக்கு எல்லாம் தெரிகிறது, கண்ணாடிக்குள் பார்க்கிற மாதிரி தெரிகிறது, என் வாய் மட்டும் திறக்கவில்லை. வலது கை, அழுக்கு நகம், டேப் ஒட்டிய குறடு. இரும்பு ஏணி. கரண்ட் அவனைப் பிடித்தால் ஏணி வழியாக என்னையும் பிடிக்கும். அப்படியானால் கடைசியில் அவனோடு சேர்ந்திருப்பது நான்தான், இவள் கட்டையோடு தள்ளி நிற்பாள். இதை நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு மின்னல் மாதிரி நினைத்தேன், அதற்குள் பரமசிவண்ணனின் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவில் டீ கிளாஸ் நடுங்கியது, ஆனால் அது பரமசிவண்ணன் கை இல்லை, இந்தக் கை, எனக்குச் சைக்கிள் பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுத்த கை. "கை" என்று கத்தினேன்.

எடுத்துவிட்டான். சுடுகிற தோசைக்கல்லிலிருந்து எடுப்பது மாதிரி. கேட்கவே இல்லை, எடுத்துவிட்டான். சட்டம் அவனுக்கு மறக்கவில்லை, என் குரலில்தான் அது இன்னும் வேலை செய்கிறது. ஆடு எல்லாம் திரும்பிப் பார்க்கிறது. வீட்டுக்குள்ளிருந்து அத்தை வருகிறாள். "என்னட்டி?" என்கிறான். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது, மாமா இருக்கிறார், அத்தை இருக்கிறாள், மாப்பிள்ளை ஏணி மேல் இருக்கிறான், இது களவுக் கரண்ட் என்று நாலு சொல் சொன்னால் போதும், கல்யாணமே நின்றாலும் நிற்கும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, உயிரைக் காப்பாற்றச் சொன்னேன் என்பேன். சப்பிச் சப்பி வைத்த மிட்டாய் வாய்க்குள்ளேயே இருக்கிறது. "டெஸ்டர் வச்சுப் பாரு" என்றேன். "கட்டை அவ கிட்டதான இருக்கு." "இருக்கட்டும், வச்சுப் பாரு." சாமான் பைக்குள் கையை விட்டுத் துழாவி டெஸ்டரை எடுத்து ரெண்டு படி ஏறி நீட்டினேன். அவன் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தான். சிவப்பாக எரிந்தது. பகல் வெளிச்சத்திலும் தெரிந்தது. அவன் குதிங்கால் ஒரு படி கீழே இறங்கியது. அவன் சீட்டுக்கு அடியில் பார்த்தான், ஒயர் போகிற பக்கம் பார்த்தான், வேலியைப் பார்த்தான், மோட்டார் ரூமைப் பார்த்தான். புரிந்துவிட்டது. ஆனால் கேட்க மாட்டான். வேறு வீடாக இருந்தால், யோவ், எங்கேயிருந்துய்யா லைன் எடுத்த என்று அங்கேயே கத்தியிருப்பான். பொண்ணு எடுக்கிற வீட்டில் மாமனாரிடம், கரண்டைக் களவாண்டீங்களா என்று எந்த மாப்பிள்ளை கேட்பான். மாமாவும் வாயைத் திறக்கவில்லை, அவருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்ல வெட்கம், ஆட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நிற்கிறார். ஆக நாங்கள் அஞ்சு பேரும் ஒரு உயிர் போகிற விஷயத்தைப் பேசாமல் நின்றுகொண்டிருக்கிறோம், மரியாதைக்காக. அப்போது இவள் பேசினாள். "எப்பா, இது மோட்டார் கரண்டா?" மாமா, "ஒரு பல்புதானம்மா, ஊர்ல எல்லாரும்…" என்று இழுத்தார். "ஊரு கெடக்கட்டும். கைய வைக்கப் போறவுககிட்டச் சொல்லணுமா இல்லயா." அத்தை, "ஏட்டி, மெதுவா" என்றாள். "மெதுவா என்ன மெதுவா, நான் இங்கன நின்னு எங்கிட்ட எங்கிட்டங்கேன்" என்று சொன்னாள், குரல் உடைந்துவிட்டது, கையில் வீட்டுக் கட்டையை எடுத்துப் பார்த்தாள், அது ஏமாற்றிவிட்டது மாதிரி. அப்புறம் ஓடினாள். செருப்பில்லாமல், முள்வேலி ஓரமாக, மோட்டார் ரூமுக்கு. அதுவும் போச்சு. நான் மதியத்திலிருந்து காப்பாற்றி வைத்திருந்ததை அவளே எடுத்துக் கடித்துத் துப்பிவிட்டாள், அவள் அப்பாவைப் பற்றி, எல்லோர் முன்னாலும். இனி நான் அம்மாவிடம் சொல்ல என்ன இருக்கிறது. இவளை வெறுக்க ஒரு வசதி இருந்தது, அதையும் கெடுத்துவிட்டாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள், கணுக்காலில் முள் கீறி ரத்தம். "மெயின இறக்கிட்டேன். எந்தக் கட்டைன்னு தெரியல, மூணையும் பிடுங்கிட்டு வந்துட்டேன்" என்றாள். பை கிழிந்துவிடும் போலத் தொங்கியது.

அண்ணன் இறங்கிவிட்டான். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான், வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், அது தன்னுடையதுதானா என்பது மாதிரி. என்னை நிமிர்ந்து பார்க்கிறான். "நீ எப்பப் பாத்த?" என்று மெதுவாகக் கேட்கிறான். "மத்தியானம்." ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் நன்றாக இருக்கும், எனக்கே தெரியாது, பழைய பல்பைத் தொட மாட்டான் என்றுதானே விட்டேன், அப்படித்தான் விட்டேனா, இல்லை, அந்த நேரம் எனக்கு மிட்டாய்தான் பெரிதாக இருந்ததா, எவ்வளவு கிண்டினாலும் அடி தெரியவில்லை. அவன் எழுந்து ஏணிப் படியில் ஒரு காலை வைக்கிறான், எடுத்துவிட்டுத் திரும்பவும் தொட்டி ஓரத்திலேயே போய் உட்கார்கிறான். "நான் ஏறுதேன்" என்றேன். அத்தை உடனே, "அய்ய, சுடிதாரோட, பொம்பளப்பிள்ள, நாளைக்குப் பாத்துக்கிடலாம்மா, வேற ஆள…" என்கிறாள். நான் அண்ணனைப் பார்க்கிறேன். இப்போது சொல்லு. அது இன்னும் கொஞ்ச நாளுதான் என்று சொல்லு, ஜிலேபியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொல்லு. அவன் அத்தையைப் பார்க்கவில்லை. "அவளுக்குத்தான் சீட்டு தாங்கும் அத்தை. எனக்கு இது வேலை, அவளுக்கு இது கை" என்றான். இவ்வளவு பெரிதாக அவன் என்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியவில்லை, ஆனால் அந்த மீன் முள் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. முழுக்கப் போகவில்லை. இவள் வந்து ஏணியைப் பிடித்தாள். "துப்பட்டாவைக் குடுத்துட்டு ஏறு, மாட்டும்" என்றாள். கொடுத்தேன். அதைத் தன் இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டாள், பை ஆடாமல் இருக்க அதன் மேலேயே கட்டிக்கொண்டாள். தலையிலிருந்த பிச்சிப்பூவைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன், கொண்டை போட்டேன், டெஸ்டரைக் குத்தினேன். ஏறினேன்.

மேலே காற்று வேறு மாதிரி இருக்கும், அதை யாருக்கும் சொல்லி விளக்க முடியாது. கிணறு தெரிகிறது, மோட்டார் ரூம் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறாள், மேற்கே வெயில் சாய்ந்து சீட்டு எல்லாம் மஞ்சளாகக் கிடக்கிறது. கீழே குனிந்து பார்த்தேன். என் குதிங்காலுக்கு நேரே அவள் முகம். அண்ணன் முகம் இருக்கிற இடத்தில். பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை, இதை எழுதி வேண்டுமானாலும் தருவேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. ஆனாலும் கேட்காமல் கை வைக்கக் கூடாது, சட்டம் சட்டம்தான். யாரிடம் கேட்பது. அண்ணனிடம் கேட்டால் அவனிடம் இல்லை. இருக்கிறவளிடம்தான் கேட்கணும். வாய் வரவில்லை. எனக்கு இவள் கையில் இருக்க வேண்டுமா என் உயிர். சாயங்காலம் ஆகப் போகிறது, எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் சும்மா நிற்கிறேன் என்று நினைப்பார்கள். "கட்டை?" என்றேன். மைனி என்று சேர்க்கவில்லை. அவள் பையை அமுக்கிப் பார்த்தாள், ஒவ்வொன்றாக, உதடு அசைய எண்ணிப் பார்த்தாள். "நாலும் எங்கிட்ட." நான் கை வைக்கவில்லை. "கட்டை?" என்றேன் திரும்பவும். அண்ணன் ஒரு தரத்துக்கு மேல் கேட்டதே கிடையாது, அவனுக்கு என் மேல் அவ்வளவு நிச்சயம். நான் கேட்பேன். அவள் திரும்பவும் முதலிலிருந்து அமுக்கிப் பார்த்தாள், முகம் சுளிக்கவில்லை. "நாலும் எங்கிட்ட." தொட்டி ஓரத்திலிருந்து அண்ணன், "ஏட்டி, எத்தன தடவ" என்கிறான். "அவ கேக்கட்டும், ஒங்களுக்கு என்ன" என்று அவனை ஒரு வெட்டு வெட்டினாள், பார்வையை என் கையிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்றாம் தரம் கேட்டேன். சொன்னாள், அதே மாதிரி, எண்ணிப் பார்த்து. நான் ஹோல்டருக்குள் விரலை விட்டு ஒயரை இழுத்தேன். கம்பி சுட்டது. வெயில் சூடு. வெறும் வெயில் சூடுதான்.